அப்பா வண்டிக்கு டைமிங் வைத்தேன்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நல்ல சேதியோடு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். அப்பாவின் ஸ்ப்ளெண்டர் பழையபடி இழுக்கிறது.

நாம் பாபநாசம் மலை ஏறிப் போய்வந்த அதே 97.2 சிசி வண்டிதான். போன வருஷம் டைமிங் செயின், அதாவது பிஸ்டன் சுற்றுகிற கிராங்க் தண்டிலிருந்து வால்வைத் திறக்கிற கேம் தண்டைச் சுற்றவைக்கும் உள்செயின், சத்தம் போடுகிறதென்று ஒரு பட்டறையில் புதுச் செயின் போட்டேன். சத்தம் நின்றது, இழுவையும் போயிற்று. திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறுவதற்குள் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. காலையில் பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், ஒன்றும் நடக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து நானே பிரித்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றினேன். மேக்னட்டில் உள்ள 'டி' குறி கேஸில் இருக்கும் வெட்டுக்கு நேரே வந்தால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறியும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை மாப்ளே! சரியாக ஒரு பல் தள்ளி இருந்தது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் கேமில் ஒரு பல் பிசகினால் கிராங்கில் அதுபோல் இரண்டு மடங்கு பாகை பிசகும். வால்வு நேரம் தப்பித் திறந்தால் இழுவை எங்கிருந்து வரும்? ஒரு வருஷமாக அந்த வண்டியை வீணாக உதைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது மனசு கஷ்டப்பட்டது.

கேம் பல்சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை ஒரு கம்பியில் கட்டிவிட்டேன். செயின் போகிற பள்ளத்தில் துணியை அடைத்தேன். போல்ட் உள்ளே விழுந்தால் இன்ஜினையே இறக்க வேண்டும். பல்லை மாற்றி வைத்தேன், குறி பொருந்தியது. செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கியதும் குறி மறுபடி அரைப் பல் நகர்ந்துவிட்டது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் செயின் தொய்ந்திருந்ததால் வந்த வினை. அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்து, திரும்பவும் வைத்தேன். அப்புறம் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. தடை ஏதும் தட்டவில்லை. தட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். மீறிச் சுற்றினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். இரண்டு குறியும் திரும்ப நேருக்கு நேர் வந்து நின்றன. அந்த நிமிஷம் அப்பா பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வால்வுக்கு மேலே விடும் டேப்பட் இடைவெளியை 0.05 மில்லிமீட்டர் வைத்தேன், அதை அளக்கும் ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு நழுவும் அளவுக்கு.

இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உங்க அப்பா ஓட்டுத மாதிரியே இருக்குல" என்றாள். சாயங்காலம் அம்பாசமுத்திரம் வரை போய்வந்தேன். ஆற்றுப்பாலத்தில் நாலாவது கியரிலேயே போனது.

நீ நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வருவாய்தானே? வந்தால் பாபநாசம் போவோம், நீதான் ஓட்ட வேண்டும். தங்கச்சிக்குப் பிரசவம் எந்த மாதம் என்று அம்மா கேட்கச் சொன்னாள், மறக்காமல் எழுது.

உன் கூட்டாளி