மகாளய அமாவாசை: சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் கூடுகிறோம்

சத்துவாச்சாரி குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

வரும் அக்டோபர் 10, சனிக்கிழமை மகாளய அமாவாசை. புரட்டாசிச் சனியும் சேர்ந்து வருகிறது. காலையில் படையல் அவரவர் வீட்டில்தான், மாலை 5.30க்கு மட்டும் எல்லோரும் மாடிக்கு வந்துவிடுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

1. அன்று எல்லா வீட்டிலும் விடியற்காலைக் குளியல் என்பதால் மோட்டார் 4 மணிக்கே ஓடும். வாளியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் வாழை இலைத் துண்டில் கைப்பிடிச் சுவரின் மேல் வையுங்கள். போன வருஷம் பிளாஸ்டிக் தட்டெல்லாம் பறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, சுத்தம் செய்தவன் நான்தான்!

3. பாலாற்றங்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து ஒரே ஆட்டோவில் போகலாம்.

4. மாலைக்கு, உங்கள் வீட்டில் மறைந்தவர்களுக்குப் பிடித்த பண்டம் ஒன்று கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம். எங்கள் வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்ப் பொரியல், அதற்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா உயிரோடு இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். படம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி கதை தெரியட்டும்.

5. மறுநாள் நவராத்திரி, கொலுப் படிகளை நடைவழியில் சனிக்கிழமையே இறக்காதீர்கள். பெரியவர்கள் ஏறி வர வேண்டும்.

எத்தனை பேர், என்ன பண்டம் என்று புதன் (7ஆம் தேதி) இரவு 9க்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது, சரியா?