சாம்பியைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிவிட்டது. பென்சன் எடுத்த பிறகும் திருக்கோவிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் நோவு இப்போது எப்படி? மறக்காமல் எழுது.

இங்கே மகளுக்கு மாதக் கடைசியில் பிள்ளைப்பேறு. நானும் இவரும் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறோம், மூன்று கிழமை நிற்க வேண்டிவரும். பூனை சாம்பியை என்ன செய்வாய் என்று கேட்டிருந்தாய். டவுனில் ஒரு மிருக வைத்தியர் தன் வீட்டோடு பூனைகளை வைத்துப் பார்க்க இடம் கட்டியிருக்கிறார். அங்கேதான் விடப்போகிறேன். தை மாதம் நீ யாத்திரை போகும்போது உனக்கும் இந்த யோசனை வரும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் கதிர்காமம் போனது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டுப் போனோம். நான்காம் நாள் வந்து பார்த்தால் சோறும் மீனும் வைத்தபடியே காய்ந்து கிடக்கிறது, சாம்பி குசினி முகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. தூக்கினால் இடுப்பெலும்பு கையில் குத்தியது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், கொழுத்த பூனைக்கு அது இன்னும் மோசம் என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அதனால்தான் இந்த முறை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கினேன்.

முதலில் ஊசி. ரேபிஸ் ஊசி போட்டிருந்தேன், அது போதும் என்றுதான் நினைத்தேன். போதாதாம். பல பூனைகள் இருக்கும் இடத்தில் ஒன்று தும்மினாலே சளிக்காய்ச்சல் மற்றதுக்குத் தொற்றிவிடும். அதற்கும், வெள்ளையணுக்களை அழிக்கும் பான்லூக்கோபீனியாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. முதல் தடவை என்றால் 3, 4 கிழமை இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். ஊசி பிடிக்கவும் நாள் செல்லும். ஆகவே பயணத்துக்கு முதல் கிழமை ஓடிப்போய்ப் பயனில்லை, நீ இப்போதே போட்டுவிடு. தெள்ளு மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கு.

அடுத்தது கூடை. வைத்தியரிடம் போகும்போது மட்டும் வெளியே எடுத்தால் அதைக் கண்டதுமே பூனை ஓடும். நான் மூடியைக் கழற்றி, இவருடைய பழைய சாரம் ஒன்றைத் துவைக்காமலே உள்ளே விரித்து, ஹோலில் ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டேன். முதல் நாள் சாம்பி ஒரு முன்காலை மட்டும் உள்ளே வைத்து, கழுத்தை நீட்டி மணந்துவிட்டுப் பின்வாங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு உள்ளே போட்டேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் பார்க்கிறேன், சாரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நித்திரை! பூனைக்கு வீடு என்பது கண்ணில் இல்லை, மூக்கில்தான் இருக்கிறது சாந்தி. அந்தச் சாரம்தான் இப்போது அதனோடு போகப்போகிறது.

இடத்தைப் போய்ப் பார்க்காமல் விடாதே. இங்கே கூடுகளுக்கு நடுவே மறைப்பு உண்டு, ஒரு பூனை மற்றதை முகத்துக்கு முகம் பார்க்காது. ஏறி உட்காரப் பலகை, ஒளிய ஒரு பெட்டி, சாப்பாட்டிலிருந்து தள்ளி மணல்தட்டு. எனக்குத் திருப்தி. ஆனால் தட்டில் கடையில் விற்கும் உருண்டைக் கல்தான் போடுகிறார்கள். நம் கல்லடி மண்ணில் தோண்டிப் பழகிய பூனை அதில் எப்படி இருக்கும்? முற்றத்து மணலை அரித்துக் காயவைத்து ஒரு பை கட்டியிருக்கிறேன். சாப்பாடும் வீட்டில் கொடுப்பதுதான். திடீரென்று மாற்றினால் வயிறு கெடும்.

போன சனிக்கிழமை ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்த்தோம். சத்தி எடுக்காமல் இருக்க, புறப்படுவதற்கு நான்கு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினேன். ஆட்டோவில் கூடையைத் துவாயால் மூடி மடியில் வைத்திருந்தேன். புதுப் பாலத்தில் லொறி சத்தம் கேட்டபோது மட்டும் ஒருமுறை கத்தியது. நாம் சைக்கிளில் போன அந்தப் பழைய பாலம் 100 வயதைக் கடந்துவிட்டது தெரியுமா? 1924இல் கட்டியது. பக்கத்தில் அதைக் கண்டதும் உன் நினைவுதான் வந்தது.

அன்றிரவு சாம்பி சாப்பாட்டைத் தொடவில்லையாம். எனக்கு நித்திரையே இல்லை. விடிய ஆறு மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது: சாப்பாட்டுத் தட்டு காலி, சாம்பி பலகையில் ஏறி இருந்து காலை நக்குகிறது. அப்போதுதான் தேத்தண்ணி இறங்கியது.

மறுகா ஒன்று. உன் பூனைகள் இரண்டும் ஒன்றாகப் படுத்து எழும்புவதால் ஒரே பெரிய கூட்டில் விடச் சொல், பிரித்து வைக்க விடாதே. ஒருநாள் முழுக்கத் தின்னாவிட்டால் உடனே போன் எடுக்கும்படியும் சொல்லிவை. நான் அதை ஒரு தாளில் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

பேரப்பிள்ளை பிறந்ததும் முதல் போன் உனக்குத்தான்.

அன்புடன்,
ராணி