நண்பரின் காருக்கு பாலிஷ் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெயிலில் வெளுத்துப்போன நண்பரின் காரை வீட்டிலேயே சரிசெய்து தருபவர்கள் பெருகிவருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிபோன்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானைத் தாண்டாது, தலைமுடியைவிட மெல்லியது. ஒருமுறை தேய்த்து எடுத்தால் போனது போனதுதான்.

பானெட், கூரையில் வெள்ளைத் திட்டாகத் தோல் உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது. அந்தப் பாகத்துக்கு மறுபெயிண்ட் ஒன்றே வழி. இதை நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

மங்கல் மட்டும் என்றால் நிழலில், தகடு ஆறியபிறகு தொடங்குங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, சோப்புத் தண்ணீர் தெளித்து, கை வழுக்கும்வரை கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) ஓட்டவேண்டும். பலர் தாண்டிப்போவது இந்த வேலையைத்தான். தாண்டினால், ஒட்டியிருக்கும் பிரேக் தூசு பாலிஷ் மெஷினின் பேடில் சிக்கி, போடுகிற ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கீறல் விழும்.

பிறகு ஓரங்கள், மடிப்புகள், ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். ஓரத்தில் பெயிண்ட் மெலிதாக இருக்கும், சூடும் அங்கேதான் சேரும். புதியவர்கள் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினைத் தொடவே வேண்டாம், சுழன்றபடியே வட்டமாக அசையும் டூயல் ஆக்‌ஷன் போதும். மென்மையான ஃபோம் பேடில் நான்கு சொட்டு பாலிஷ், இரண்டடிச் சதுரம், மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும். பலன் போதவில்லை என்றால்தான் பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்ட். நகம் மாட்டும் கீறலை விட்டுவிடுங்கள். பேடில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றைப்பூச்சு வண்டிகளில் மட்டும் அது இயல்பு.

முடிந்ததும் பெயிண்டைக் காக்கும் சீலன்ட் பூசாமல் வெயிலில் விடாதீர்கள்.

இப்படிக்கு,
கார் பெயிண்ட் வேலை செய்யும் வாசகர்கள்,
கோவை