எள்ளுப்பாட்டி வெளியே வந்த நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூட்டுவலி தவிர இங்கே வேறு குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம்தானே?

சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள் என்று போனில் கேட்டாய். என் பக்கம் பாளையங்கோட்டை ஆட்களை மூச்சுவிடாமல் ஐந்து தலைமுறை ஒப்பித்தேன். "சரி, அப்பா பக்கம்?" என்றாய். நான் அவருடைய பாட்டியோடு நின்றுவிட்டேன். 44 வருஷம் அந்த லண்டன்கார மனிதரோடு குடித்தனம் நடத்தியும் அதற்கு மேல் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவரும் சொன்னதில்லை. பாட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வார்: 1965இல் படுக்கையில் விழுந்தபோதும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டிலேயே செத்துப்போனாள் என்று.

எனக்கு அது புதிதில்லை. 1973இல் நான் நர்ஸாக வந்த புதிதில், கிழக்கு லண்டனின் வயசாளிகள் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், என்னை அங்கே மட்டும் அனுப்பிவிடாதே" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அங்கே என்றால் ஒர்க்ஹவுஸ், கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அந்தக் காலத்து விடுதி. மைல் எண்ட், செயின்ட் பாங்க்ராஸ் என்று இங்கே பல ஆஸ்பத்திரிகள் ஒர்க்ஹவுஸ் கட்டடங்களில் வளர்ந்தவை. பெயர்ப்பலகை மாறினாலும் கிழடுகளின் பயம் மாறவில்லை. அப்போது எனக்குப் புரியாமல், "அதெல்லாம் இப்போ இல்லை பாட்டி" என்று ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

அதனால் நூல் பிடித்துப் பார்ப்போம் என்று கிளம்பினேன். பாதி வீட்டில் கம்ப்யூட்டரில், மீதி கிளார்க்கன்வெல்லில் இருக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்தில். பஸ் இலவசம், காப்பகமும் இலவசம். என்னைப் போன்ற ரிட்டையர்டு ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் முட்டுக்கட்டை பெயர்தான். அப்பாவின் அம்மா வழிக் குடும்பப்பெயர் ஹெச்சில் தொடங்குவது. கிழக்கு லண்டன்காரர்கள் ஹெச்சை விழுங்கிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அப்பா சாயங்காலம் வேலை முடிந்ததும் போனில் "ஓம்" போகலாம் என்பார். ஏதோ மந்திரம் சொல்கிறாரே என்று நான் முழித்திருக்கிறேன். பிறகுதான் அது 'ஹோம்' என்று தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிக்கொண்டான். கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி. தப்பாக எழுதினான் என்று சுட்டிக்காட்ட அவர்களால் முடியாது. நான் மூன்று வாரம் ஹெச்சில் தேடிவிட்டு, ஏயில் கண்டுபிடித்தேன்.

பிறப்பு, இறப்பு, திருமணத்தை இங்கே அரசாங்கம் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அதற்கு முன்னால் எல்லாம் சர்ச் பதிவேடுதான், நம் ஊர் சேகரத்து ஞானஸ்நானப் புத்தகம் மாதிரி. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் சர்ச் பதிவேட்டில் ஒரே நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. மூத்ததுக்கு ஏழு வயது. சர்ச் ஐயர் வீடு வீடாக வந்து பிடித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பதால் அதை நம்பி இறங்காதே. 1851லிருந்துதான் யாருக்கு யார் என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதெல்லாம் வரும். அதுவும் சொன்னால் சொன்னதுதான். உன் எள்ளுப்பாட்டிக்கு 1881இல் 24 வயது, 1891இல் 31. பத்து வருஷத்தில் ஏழு வயது! (அப்பாவின் பாட்டி உனக்குக் கொள்ளுப்பாட்டி, அவள் அம்மா எள்ளுப்பாட்டி. சின்னவளுக்கு எள்ளுக்கு மேலே என்ன முறை என்று எனக்கும் தெரியவில்லை.)

1881இல் தொழில் என்ற இடத்தில் 'தீப்பெட்டி செய்பவர்' என்று இருக்கிறது. வீட்டிலேயே அட்டை மடித்து ஒட்டும் வேலை. 144 பெட்டிக்கு இரண்டேகால் பென்னி. பசையும் கட்டும் நூலும் அவர்கள் செலவு. கோவில்பட்டி அத்தை வீட்டுத் திண்ணையில் நானே லீவு நாளில் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறேன். நகக்கண்ணில் பசை காய்ந்து இழுக்கும். அந்த வரியைப் பார்த்ததும் விரல் நுனி குறுகுறுத்தது.

கொள்ளுப்பாட்டி பிறந்தது 1886 பிப்ரவரி. லண்டனில் வேலையில்லாதவர்கள் கடைவீதியில் கலகம் செய்த அதே மாதம். சான்றிதழ் வரவழைத்தேன். பிறந்த இடம்: ஒர்க்ஹவுஸ். 1904க்குப் பிறகு பிறந்திருந்தால் அந்த வார்த்தையே வந்திருக்காது. பிள்ளைக்கு அவமானம் என்று, அதற்கப்புறம் வெறும் தெருப் பெயர், கதவு எண் போட்டு மறைத்துவிட்டார்கள். இவள் 18 வருஷம் முந்திவிட்டாள். சான்றிதழை யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்தாள் என்று உன் அத்தை இப்போது சொல்கிறாள்.

ஒர்க்ஹவுஸ் என்றால் என்ன என்று சின்னவள் கேட்பாள். 1834இல் ஒரு சட்டம் போட்டார்கள். உதவி வேண்டுமென்றால் உள்ளே வந்து இரு. உள்ளே இருக்கிற வாழ்க்கை, வெளியே இருக்கிற பரம ஏழையின் வாழ்க்கையைவிட மோசமாகத்தான் இருக்கும். அப்போதுதான் தேவையில்லாமல் யாரும் வரமாட்டார்கள். இதுதான் அதன் நியாயம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சொந்தத் துணியைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டு யூனிஃபார்ம் கொடுப்பார்கள். பழைய கப்பல் கயிற்றை நார்நாராகப் பிரிக்கிற வேலை, கல் உடைக்கிற வேலை, பெண்களுக்குத் துணி வெளுப்பது, தரை தேய்ப்பது. பெத்னல் கிரீன் ஒர்க்ஹவுஸ்காரர்கள் பிள்ளைகளை நாலைந்து மைல் தள்ளி லெய்டன்ஸ்டோனில் ஒரு பள்ளியில் வைத்திருந்தார்கள்.

எள்ளுப்பாட்டியின் புருஷன் 1888இல் செத்துப்போக, அவள் இரண்டு பிள்ளைகளோடு உள்ளே போயிருக்கிறாள். சேர்க்கை, விடுகைப் பதிவேட்டில் அவள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1890இல் மட்டும் 11 தடவை வெளியே போயிருக்கிறாள், 11 தடவை உள்ளே வந்திருக்கிறாள். காரணம்: சொந்த விருப்பம். அதிகாரிகளுக்கு இப்படி வருகிறவர்கள், போகிறவர்கள் மேல் எரிச்சல். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் எரிச்சல்தான். குடிகாரியாக இருப்பாள் போல, இதை எப்படி உனக்கு எழுதுவது என்று அன்றைக்கு மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தேதிகளைக் கவனித்தேன். 11இல் ஒன்பது, வெளியே போனதும் திரும்பி வந்ததும் ஒரே நாள். அந்தப் பதிவேட்டில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு. போகிறவர் கடைசியாகச் சாப்பிட்டது எந்த வேளை, வருகிறவருக்கு முதலில் போட வேண்டியது எந்த வேளை என்று எழுத வேண்டும். கணக்குக்காக. இவளுக்குக் காலைச் சாப்பாட்டோடு கணக்கு முடிகிறது, ராத்திரிச் சாப்பாட்டோடு தொடங்குகிறது. ஒவ்வொரு தடவையும் கூடவே இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது.

உள்ளே இருந்து போகிறவர் தன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாது என்பது விதி. அந்த விதியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். நான் போகிறேன் என்று சொன்னால், பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பிள்ளைகள் அவளோடு. சாயங்காலம் மறுபடி வாசலில் போய் நின்று, துணியைக் கழற்றிக் கொடுத்து, முதலிலிருந்து எல்லாம்.

இது நானாகக் கட்டின கதை இல்லை. சார்லி சாப்ளின் ஏழு வயதில், 1896இல், அம்மா, அண்ணனோடு லாம்பெத் ஒர்க்ஹவுஸில் இருந்தவர். அவர் அம்மா இப்படித்தான் இரண்டு பையன்களையும் ஒரு நாள் வெளியே எடுத்து, கென்னிங்டன் பூங்காவில் செர்ரிப் பழம் வாங்கித் தின்று, விளையாடவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிப் போனாள் என்று அவரே எழுதியிருக்கிறார். நம் எள்ளுப்பாட்டி எங்கே கூட்டிப்போனாள், கையில் பழம் வாங்கக் காசு இருந்ததா என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஏழைகளை ஏதாவது கேட்டு வந்தபோதுதான் எழுதிவைத்தார்கள். சிரித்ததை யார் எழுதினார்கள்?

1901இல் வெளியே வந்துவிட்டாள், மூன்று பேரும் ஒரே அறையில். கொள்ளுப்பாட்டிக்கு அப்போது 15 வயது, அவளும் பெட்டிதான் ஒட்டுகிறாள்.

அவர்கள் முன்னால் குடியிருந்த சந்து ஓல்ட் நிக்கல் என்ற சேரியில். சார்லஸ் பூத் என்ற ஆய்வாளர் தெருத்தெருவாக வறுமைக்கு நிறம் தீட்டிய வரைபடத்தில் அந்தப் பக்கம் ஒரே கறுப்பும் கருநீலமும், அதாவது வறுமையின் அடிமட்டம். அதை இடித்துத்தான் பவுண்டரி எஸ்டேட் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள், 1900இல் திறந்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் குவித்த மேடுதான் ஆர்னல்ட் சர்க்கஸ் என்ற வட்டமான சந்தியின் நடுவில் இருப்பது. நீ நாலு வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதாயே, பாண்டு மேடை இருக்கிற அந்த மேடு. அப்பா உன்னைத் தோளில் தூக்கி வந்தார். அவருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியாக 1911 சென்சஸ் தாள். அதை வீட்டுக்காரரே நிரப்ப வேண்டும். மருமகன் எழுதியிருக்கிறான். எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு, எத்தனை இறந்தன என்ற கேள்வி புருஷன் உயிரோடு இருக்கும் பெண்களுக்கு மட்டும்தான். விதவை பதில் சொல்ல வேண்டியதில்லை. எள்ளுப்பாட்டி சொல்லியிருக்கிறாள். 7, 2, 5. கணக்கெடுக்க வந்தவன் சிவப்பு மையால் அதை அடித்திருக்கிறான். ஆனாலும் நன்றாகப் படிக்க முடிகிறது.

ஐந்தில் மூன்று பேரின் அடக்கப் பதிவு கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு. வியாழக்கிழமை மறுபடி போகிறேன். பெயர்களும் தேதிகளும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சின்னவளின் மரத்தில் தொழில் எழுத இடம் இருந்தால் 'தீப்பெட்டி செய்பவர்' என்றே எழுதச் சொல். ஏழு பிள்ளைகளுக்கும் கட்டம் போடத் தாள் பத்தாவிட்டால் ஒட்டுப்போடட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா