கொங்கு ஓட்டுக்கு முத்திரை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் பேச்சு வந்தாலே தொலைக்காட்சி விவாதங்களில் ‘கொங்கு என்றால் இரட்டை இலைக் கோட்டை’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றது, சரி. 2024 மக்களவைத் தேர்தலில் அதே கோவையில் தி.மு.க. ஜெயித்ததே, அது எந்தக் கணக்கு? விசைத்தறிக்காரர், பனியன் கம்பெனித் தொழிலாளி, பட்டியல் சமூகத்தார், வெளியூரிலிருந்து குடிவந்தவர் என எல்லாரையும் ஒரே சாதிப் பெயருக்குள் அடக்கி ‘கொங்கு மனநிலை’ என்கிறார்கள்.

இரண்டு கட்சிகளுக்கும் இது வசதிதான். ஒன்றுக்கு நாங்கள் எப்படியும் போட்டுவிடுவோம், இன்னொன்றுக்கு எப்படியும் போடமாட்டோம். அப்புறம் யார் எங்களைக் கேட்கப்போகிறார்கள்?

1967 முதல் 2021 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் இந்த இரண்டில் ஒன்றுதான் ஆட்சியைப் பிடித்தது. பவானி ஆற்றின் உபரி நீரைக் குளங்களில் நிரப்பும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை எங்கள் பக்கத்து விவசாயிகள் அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். 2019இல் அடிக்கல், 2024 ஆகஸ்டில் திறப்பு. உடனே ‘நாங்கள் கொண்டுவந்தது’, ‘நாங்கள் முடித்தது’ என்று சண்டை. அத்தனை காலம் கிடப்பில் கிடந்தது யாரால் என்பதை மட்டும் இரு தரப்பும் பேசுவதே இல்லை. வேறு யாருக்காவது போடலாம் என்றால், ‘ஓட்டை வீணாக்காதீங்க’ என்று டீக்கடையிலேயே புத்தி சொல்கிறார்கள்.

வேட்பாளரின் சாதியை எழுதுவதை விட்டுவிட்டு, நொய்யலில் கலக்கும் சாயக்கழிவுக்கும் விசைத்தறிக் கூலிக்கும் என்ன வழி வைத்திருக்கிறார் என்று உங்கள் நிருபர்கள் அவரிடம் கேட்கட்டும்.

- ஒரு வாசகர், அவிநாசி