அம்மாவும் நானும் பார்த்த படங்கள்

கண்ணு,

நேற்று போனில் "என்னப்பா, வாராவாரம் தியேட்டருக்குப் போறீங்களாமே" என்று கேட்டாய். வாராவாரம் எல்லாம் இல்லை. மாங்காய் இறக்கி முடிந்துவிட்டது, பெங்களூரா ரக மாங்காய் முழுவதும் கூழ் ஆலைக்குப் போய்விட்டது, இந்த வருஷம் விலை படுத்துவிட்டது உனக்கே தெரியும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி கிருஷ்ணகிரி போய், அம்மாவும் நானும் சிரிப்புப் படமாகத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறோம். அடிதடி, ரத்தம் எனக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை.

ஜனவரியில் மதகஜராஜாவில் ஆரம்பித்தது. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம், பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்து 2025 பொங்கலுக்கு வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பெண்களைக் காட்டுகிற விதத்தில் அம்மாவுக்கு முகம் சுளித்தது, எனக்கும்தான். ஆனால் படத்தில் செத்துப்போகிற மனோபாலாவை உயிரோடு இருப்பது போலத் தூக்கிக்கொண்டு அலைகிற இடத்தில் தியேட்டரே உருண்டது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் அந்த மனுஷன் 2023லேயே போய்விட்டார் என்பது நினைவுக்கு வந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

தலைவன் தலைவி பரோட்டா வாசனையும் கூச்சலுமாகப் போனது. விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள், ஆனால் புருஷன் பெண்டாட்டி அவ்வளவு கத்திக்கொள்வதையும் பாசம் என்று காட்டுவது எனக்கு ஒட்டவில்லை. அம்மாவுக்குப் பிடித்தது.

டூரிஸ்ட் ஃபேமிலியை மட்டும் இரண்டு முறை பார்த்தோம். இலங்கையிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம், யாரென்று வெளியில் சொல்ல முடியாமல் சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவர்கள் பயப்படுகிற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், அந்தப் பயமும் கூடவே நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. நம்ம மாவட்டத்திலேயே முகாம்கள் இருக்கின்றன, உன்னோடு படித்த பையன் ஒருவன் முகாமிலிருந்து வந்து நம் வீட்டில் களி சாப்பிட்டுப் போவானே, அவன் ஞாபகம் படம் முழுக்க இருந்தது. யாரையும் மட்டம் தட்டாமல், உருவத்தைக் கேலி பண்ணாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிரிக்கவைக்க முடிகிறது பார். இயக்கிய அபிஷன் ஜீவிந்துக்கு இதுதான் முதல் படம் என்றார்கள், அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது குடும்பஸ்தனைப் பற்றித்தான். கோயம்புத்தூரில் ஒரு பையன், மணிகண்டன் நடித்தது, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைத்துக் கடனுக்கு மேல் கடன் வாங்குகிறான். சுற்றிலும் சிரிப்புச் சத்தம், எனக்குச் சிரிப்பு வந்து வந்து தொண்டையிலேயே நின்றது. அடுத்த மாதம் டிராகனுக்குப் போனால் அங்கேயும் அப்பா அம்மாவிடம் பொய் சொல்கிற மகன், அதில் அப்பாவாக வருகிற ஜார்ஜ் மரியான் மகனை நம்பி நிற்கிற முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

போன வருஷம் புனேயில் உனக்கு மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்ததை, வேறு வேலை கிடைத்த பிறகுதான் சொன்னாய். அப்போதும் மாசம் தவறாமல் பணம் அனுப்பினாய். அதை எங்கே வாங்கி அனுப்பினாய், எவ்வளவு வட்டிக்கு என்று நான் இதுவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். கோபம் இல்லை கண்ணு. அந்த மூன்று மாதத்தில் "வண்டி மாத்தலையா, இன்னும் அதே பழசுதானா" என்று உன்னிடம் கேட்டேன், அது தெரியாமல் கேட்டது, அந்தப் படம் பார்த்ததிலிருந்து அறுத்துக்கொண்டே இருக்கிறது.

மிச்சம் ஏதாவது அடைக்க வேண்டியிருந்தால் சொல். விலை படுத்தாலும் தோப்பு நம்மிடம்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? டூரிஸ்ட் ஃபேமிலி உன் போனிலேயே வரும் என்கிறாய், நீ மட்டும் தனியாகப் பார்த்துவிடாதே. டிவியில் போட்டு மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம். எத்தனை மணிக்கு வருகிறாய் என்று சொன்னால் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன்.

அப்பா