செஞ்சிக்கு அரைநாள் தாருங்கள்: யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருக்கோணமலையிலிருந்து தமிழ்நாட்டுக்கு யாத்திரை கூட்டிச் செல்லும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாருடைய பயணம் என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை, உங்களில் அநேகம்பேர் இதைத்தான் செய்கிறீர்கள். நாங்கள் போன பயணத்தின் அட்டவணையில் திருவண்ணாமலைக்கு முன்னால் செஞ்சிக் கோட்டை என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பெரியம்மா முற்பணமே கட்டினார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையைத் தகப்பனார் மடியிலிருந்து கேட்டு வளர்ந்தவர், அந்த மலையில் ஒருமுறை ஏற வேண்டும் என்பது அவருடைய பலகால ஆசை.

அன்றைக்குக் காலை முழுவதும் ஒரு பட்டுக்கடையில் போனது. அப்புறம் சாப்பாடு. கோட்டை அடிவாரத்தில் பஸ் நின்றபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பிற்பகலானால் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரிக்கு ஏற விடமாட்டார்கள் என்பது வருடாவருடம் போய்வரும் உங்களுக்குத் தெரியாததல்ல. காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார், "இனிமே விட முடியாதும்மா, காலையில வாங்க" என்று. காலையில் நாங்கள் சிதம்பரத்தில் நிற்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை தவறாமல் திருக்கோணமலையில் நம் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை நடந்தே ஏறுகிற மனுஷி அவர். தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்துமாக வந்தவர், ஒன்றும் சொல்லாமல் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியிலே ரங்கநாதர் கோயில், அதற்குக் கிட்ட ஆளை ஏறவிடாமல் மறிக்கும் பாறைப் பிளவு, அந்தக் காலத்தில் அதன் மேல் எடுத்துப் போடும் பாலம் என்று வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தவர். முக்கால் மணியில் ஹோர்ன் அடித்துவிட்டீர்கள்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: செஞ்சிக்குக் காலையில் போங்கள், அரைநாள் தாருங்கள். சுமார் 800 அடி உயர மலை, ஏறி இறங்கவே இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும்.

"கோட்டைதானே, நம் ஊரில் இல்லாததா" என்று உங்கள் வழிகாட்டி சிரித்தார். நம் ஊரில் இருப்பதால்தான் ஐயா, எங்களுக்கு அது விளங்குகிறது! கோனார்கள், விஜயநகரத்தின் நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி என்று கைமாறிய இடம். சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே ஒதுங்கியிருக்க, முகலாயப் படை 1690இலிருந்து 1698 வரை சுற்றிவளைத்துக் கிடந்தது. தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தான். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். அதே இரண்டு பேரும் 1782இல் நம் துறைமுகத்துக்காகவும் அடிபட்டார்கள். செஞ்சி வெங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1622இல் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டிய ஊர்க்காரருக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, நின்று பார்க்க நேரம் தந்தால் போதும்.

2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலக மரபுரிமையாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தது செஞ்சி மட்டும்தான். உங்கள் அட்டவணையில் மட்டும் அது இன்னும் தேநீர் குடிக்க நிற்கிற இடம். பட்டுக்கடையில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மனவருத்தம் வரும். ஆனால் கோயில் வாசலில் ஒரு படம், கடை, சாப்பாடு, அடுத்த கோயில் என்று ஓடுவதற்குப் பெயர் யாத்திரை என்றால், வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி நம் கோட்டைக்குள் மானோடு செல்ஃபி எடுத்துவிட்டு ஓடுகிறவர்களை நாம் குறை சொல்லவே கூடாது. அவர்களாவது இலவசமாக ஓடுகிறார்கள், நாங்கள் உங்களுக்குக் காசு கட்டி ஓடுகிறோம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூட எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், வயதானவர்களைக் கவனித்த விதம் எதிலும் குறையில்லை, அதற்கு நன்றி. தயவுசெய்து அடுத்த அட்டவணையை அச்சுக்குக் கொடுக்க முன்னர் அந்த ஒரு நாளை மட்டும் மாற்றுங்கள். முதல்நாள் இரவு திண்டிவனத்திலோ செஞ்சியிலோ தங்கினால் வெள்ளெனவே ஏறிவிடலாம். ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே களஞ்சியமும் ஆனைக்குளமும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இருக்கின்றன, அவர்களும் சும்மா பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்துவிடலாம், தூரம் 40 கிலோமீட்டர் அளவுதான். பட்டுக்கடையை மாலைக்கு வையுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

பெரியம்மா மறுபடியும் பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறார். இந்தமுறை முற்பணம் கட்ட முன்னர், செஞ்சியில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள்.